யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு: மரமும் முற்றமும் (கேள்வி பதில்)

பழைய வீடுகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதும் ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் வேலை பழைய கூரைகளையும் சுவர்களையும் திருத்துவது. அதனால் பதில்களும் பெரும்பாலும் மரம், கல், மழைத்தண்ணீர் பக்கமாகவே போகும்.

கொக்குவிலில் இருந்து: நடுவில முற்றம் இருந்தால் எல்லாம் நாற்சார் வீடுதானா?

முற்றம் மட்டும் போதாது. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, நடுவில் வானம் திறந்து, முற்றத்தைச் சுற்றி விறாந்தை (தாழ்வாரம்) ஓடி, அந்த விறாந்தைக்குள் அறைக் கதவுகள் திறந்தால்தான் முழு நாற்சார். இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ கட்டிவிட்டு, மிச்சத்தைக் காசு வரும்போது கட்டலாம் என்று மதிலோடு நிறுத்திய வீடுகளும் உண்டு. அவற்றையும் ஊரில் நாற்சார் என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பில்லை.

அதற்கு முந்திய வளவு வேறு விதம். ஒரே வேலிக்குள் வீடு தனியாக, அடுக்களை தனியாக, வந்தவர்கள் இருக்கத் தலைவாசல் தனியாக, நெல்லும் புகையிலையும் வைக்க மால் தனியாக, பின்னால் மாட்டுக் கொட்டில், கிணறு, தண்ணீர் இறைக்கும் துலா. எல்லாம் மண் சுவர், மேலே பனையோலை அல்லது கிடுகு. அடுப்பு நெருப்பு தாவினால் ஒரு கொட்டிலோடு போகட்டும் என்பதற்காகவே இந்தப் பிரிவு. சுவர் கல்லாகி, கூரை ஓடாகியதும் அந்தப் பயம் குறைந்தது. தனித்தனியாக நின்றவை முற்றத்தைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்துவிட்டன. நாற்சார் வீடு இப்படித்தான் வளர்ந்தது என்பது என் எண்ணம். கவனித்துப் பாருங்கள், பல நாற்சார் வீடுகளில் குசினி இன்னும் பின்பக்கம் ஒரு நடையால் பிரிந்துதான் நிற்கும்.

ரொறன்ரோவில் இருந்து: எங்கள் வீட்டை எல்லாரும் ஒல்லாந்தர் வீடு என்கிறார்கள். உண்மையில் இது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொண்டுவந்ததா, நம்முடையதா?

முற்றம் நம்முடையது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே முற்றம் இருக்கிறது. ஒல்லாந்தர் அதைக் கொண்டுவரவேண்டிய தேவையே இல்லை. ஆனால் முன் விறாந்தையின் தடித்த உருண்டைத் தூண்கள், உயரமான யன்னல்கள், வாசலுக்கு மேலே வளைவு, முழங்கை நீளத்துக்கும் தடித்த சுவர் எல்லாம் ஐரோப்பியர் கட்டிய கோட்டையிலும் தேவாலயத்திலும் வேலை செய்த நமது மேசன்மாரும் ஓடாவிமாரும் (தச்சர்) பழகிக்கொண்டு வந்தவை. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது, 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து வருடம் கோட்டை வேலை செய்த கைகள் ஊருக்குள் வந்து சும்மா இருக்குமா?

இன்று நின்றுகொண்டிருக்கும் நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை ஒல்லாந்தர் போய் வெகு காலத்துக்குப் பிறகு கட்டியவை. திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலைக் காசும், அதற்குப் பிறகு மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசும்தான் அந்தச் சுவர்களை எழுப்பின. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியதும் தென்பகுதியிலிருந்து சாமான் கொண்டுவருவது இன்னும் சுலபமாயிற்று. ஆகவே ‘மலாயன் பென்சனியர் வீடு’ என்று ஊரில் சொல்வது பல சமயம் ‘ஒல்லாந்தர் வீடு’ என்பதைவிடச் சரியாக இருக்கும்.

கரவெட்டியில் இருந்து: எங்கட வீட்டுக் கூரை முழுக்கப் பனை. நூறு வருசத்துக்கு மேல எண்டு அம்மம்மா சொல்லுவா. பனைமரம் உண்மையில அவ்வளவு காலம் நிக்குமா?

நிற்கும். ஆனால் எந்தப் பனை, அதில் எந்தப் பகுதி, எப்படிக் கொத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாண வீட்டின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது.

வேம்பையோ பாலையையோ குறுக்கே அறுத்தால் வைரம் நடுவில் இருக்கும், வெளிப்புறம் மென்மை. பனை நேர் எதிர். வெளி வளையம் இரும்பு மாதிரி, நடுவில் சோற்றி. அந்த வெளி வளையத்தில் கறுப்பு நார்கள் நெருக்கமாக நெடுக ஓடும். உள்ளே போகப் போக நார் ஐதாகி, வெறும் பஞ்சு போல ஆகிவிடும். அதேபோல் அடிமரம் வைரம், நுனிமரம் சோற்றி. வயது குறைந்த பனையில் இந்த வெளி வளையம் மெல்லியது. அதனால்தான் பழைய ஆட்கள் வடலி (இளம் பனை) தாண்டி, தலைமுறைகள் கண்ட முதிர்ந்த பனையைத் தேடித் தறித்தார்கள். அறுபது எழுபது வயதுப் பனையை அவர்கள் கைமரத்துக்கு, அதாவது கூரையின் சாய்வு மரத்துக்கு, யோசித்துத்தான் எடுப்பார்கள்.

தறித்த மரத்தை வாளால் அறுப்பதில்லை. நெடுக ஆப்பு இறுக்கிப் பிளப்பார்கள். நார் நேராக ஓடுவதால் மரமும் நேராகவே பிளக்கும். பிறகு உட்பக்கத்துச் சோற்றியை வாய்ச்சி என்ற செதுக்குக் கோடரியால் செதுக்கி எறிவார்கள். மிஞ்சும் வைரத்துண்டுதான் கைமரம். இன்னும் ஒடுக்கமாகப் பிளந்தால் ஓடு தாங்கும் சலாகை. உங்கள் வீட்டில் விறாந்தைக்கு மேலே ரோர்ச் அடித்துப் பாருங்கள். கைமரத்தின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன வாய்ச்சித் தழும்புகள் மீன் செதில் மாதிரித் தெரியும். அந்தப் பக்கம் கறுப்புக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் கொத்தியவர் சோற்றி மிச்சம் விடாமல் எடுத்திருக்கிறார். வெளிறிய பஞ்சு போன்ற பட்டை தெரிந்தால், பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும்.

கைமரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத்தான் அறை அகலம். பழைய யாழ்ப்பாண அறைகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சுவருக்குச் சுவர் கிடக்கும் பெரிய தீராந்தி, முகட்டு வளை, நிலை, கதவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வேறு மரம்: வன்னியிலிருந்து முதிரை, பாலை; வளவிலிருந்து வேம்பு; வசதியானவர்கள் பர்மாத் தேக்கும் போட்டார்கள். பனை சுமையை நெடுகத் தாங்கும், ஆனால் நார் வழியே வெடிக்கும். ஆணி அடிப்பதற்கு முன் துளை போட்டே ஆக வேண்டும். துளைத்து மர ஆணி இறுக்கிய பழைய பொருத்துகளை இன்றும் காணலாம். அந்தப் பொருத்துகளைப் பிரிக்க நேர்ந்தால் தயவுசெய்து அடித்து உடைக்க வேண்டாம், மர ஆணியை எதிர்ப்பக்கமாகத் தட்டினால் வெளியே வந்துவிடும்.

ஒல்லாந்தர் காலத்தில் பனங்கைமரமும் சலாகையும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வெளியூர் போயின. அவ்வளவு பெயர் இதற்கு இருந்தது.

அதே கேள்விக்குத் தொடர்ச்சியாகச் சுன்னாகத்தில் இருந்து: உக்கின கைமரத்தை மாத்தப் பனை தறிக்கலாமா?

சொந்தக் காணியில் நிற்கும் பனையாக இருந்தாலும் அனுமதி எடுக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போரில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் ஏராளமாகப் போய்விட்டன, முதிர்ந்த பனை கிடைப்பது லேசில்லை. அதனால் பக்கத்தில் இடிக்கிற பழைய வீட்டுக் கைமரம் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். நூறு வருடம் காய்ந்த மரம் இனி வளையாது. புதிய பனையைத் தறித்தவுடன் கூரையில் ஏற்றினால் அது முறுக்கி ஓடுகளையெல்லாம் தூக்கிவிடும்.

மதுரையில் இருந்து: கருப்பட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுவர் பூசினார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலுமா?

பனங்கட்டித் தண்ணீர் சேர்ப்பது இங்கேயும் இருந்த வழக்கம்தான். பனை இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமா? ஆனால் சுவரின் பலம் அதில் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறது. குடாநாடே சுண்ணாம்புக்கல் மேல்தான் கிடக்கிறது. சுவருக்கு அந்தக் கல், சாந்துக்கு அதையும் கடற்கரைப் பவளக்கல்லையும் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் ஊற விட்டார்கள். அவசரப்படாததுதான் அந்தப் பூச்சின் மினுமினுப்புக்குக் காரணம். இப்போது கடற்கரையில் பவளக்கல் எடுப்பது சட்டப்படி தடை, அந்தத் தடை நல்லது. நீற்றுவதற்கு வேறு சுண்ணாம்பு கிடைக்கிறது.

வேலணையில் இருந்து: வீட்டுச் சுவர் கீழ்ப்பக்கம் உதிருது எண்டு சீமெந்து பூசினம். இப்ப அதுக்கு மேல உதிருது. மேசன் இன்னும் உயரத்துக்குப் பூசச் சொல்லுறார். என்ன செய்யிறது?

பூசாதீர்கள். பூசியதையும் கொத்தி எடுத்துவிடுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு அதை வெளியே விட்டுவிடும். காலை உறிஞ்சினது பின்னேரக் காற்றில் போய்விடும். தீவுப்பகுதியில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். உப்பு மேற்பரப்பில் பூத்து, பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். பழைய ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பொங்கலுக்கு முன், வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் இல்லை. உதிர்ந்ததைத் தட்டி, திரும்பச் சுண்ணாம்பு பூசுவதுதான் அந்தச் சுவருக்குச் செய்யும் பராமரிப்பு.

சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். வெளியே போக முடியாத ஈரம் சீமெந்துக்குப் பின்னால் மேலே ஏறும். இன்று நாலடியில் உதிர்வது, இன்னும் பூசினால் ஆறடியில் உதிரும். ஒருநாள் அது தீராந்தியின் நுனிக்குப் போய்ச் சேரும். சுவருக்குள் புதைந்த மரநுனி ஈரம் பட்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் உக்கும். கூரான கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். கம்பி கால் அங்குலம் கூடப் போகாவிட்டால் நல்லது. வெண்ணெய்க்குள் போவது போல் போனால் மழைக்கு முன் ஓடாவியைக் கூப்பிடுங்கள்.

தை முடிந்து மழை ஓய்ந்ததும் சீமெந்தைக் கொத்தி எடுங்கள். சோழகக் காற்று முழுக்கச் சுவரில் படட்டும். ஆவணி, புரட்டாதியில் சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம், அதுவும் சீமெந்து செய்யும் வேலையைத்தான் செய்யும். அந்தச் சில மாதம் வீடு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். கலியாணம் காட்சி இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. ஊரிலேயே சீமெந்து வந்த பிறகு சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. குறை சொல்ல முடியாது. ஆனால் சீமெந்து கொங்கிறீற் வீட்டுக்கு. பழைய சுவருக்கு அது ஒத்துவராது.

லண்டனில் இருந்து: அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மழை நாளில் முற்றத்தைச் சுற்றி நடக்க வழுக்குகிறது. முற்றத்துக்கு மேலே பொலிகாபனேற் சீற் போட்டு மூடலாம் என்று தம்பி சொல்கிறான். போடலாமா?

அம்மா விழக்கூடாது. அது முதல் விஷயம். அதற்காக முற்றத்தை மூட வேண்டியதில்லை.

மூடினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நாற்சார் வீட்டில் அறை யன்னல்கள் வெளிப்பக்கம் சிறிதாக இருக்கும். காற்று வெளியிலிருந்து வந்து, சூடாகி, முற்றத்தின் வழியே மேலே போக வேண்டும். சீற் போட்டால் அந்த வழி அடைபட்டு, சீற்றுக்கு அடியில் சூடு கட்டும். சித்திரை மாதம் அந்த வீட்டில் மத்தியானம் படுக்க முடியாது. அதைவிட மோசம், நான்கு கூரையின் ஓரத்திலும் சீற்றைப் பொருத்தக் கைமர நுனிகளில் இரும்பு அடிப்பார்கள். சீற்றுக்கும் ஓட்டுக்கும் இடையில் எப்படி ஒட்டினாலும் இரண்டு மாரியில் ஒழுக்கு வரும். அது விழும் இடம் கைமர நுனி. முற்றத்தை மூடிய வீடுகளில் நான் முதலில் மாற்ற வேண்டி வந்தது எப்போதும் அந்த நுனிகளைத்தான்.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியது இது. விறாந்தை ஓரத்தில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலி போடுங்கள், சாரல் குறையும். அம்மாவின் அறையிலிருந்து குசினிக்கும் கழிவறைக்கும் போகும் பக்கத்தில் மட்டும் தாவாரத்தைக் கொஞ்சம் நீட்டி, கைபிடிக் கம்பி போடுங்கள். மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலம் ஈரத்தில் வழுக்கும், நடக்கும் இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கலாம். காற்றோடு மழை வரும் நாட்களுக்குத் தொங்கவிடும் படங்குத் துணி போதும். பிறகு சுருட்டிவிடலாம்.

முற்றத்துத் தண்ணீர் போகும் வாய்க்காலையும் பாருங்கள். விறாந்தைக்கு அடியால் கல் வாய்க்கால் ஒன்று வெளியே போகும். குடாநாட்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அது அடைபட்டிருந்தால் ஒரே இரவில் முற்றம் குளமாகும். புரட்டாதியிலேயே நீள மூங்கில் விட்டுக் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மானிப்பாயில் இருந்து: கறையானுக்கு என்ன மருந்து?

முதல் மருந்து உலர்வு. ஈரமில்லாத மரத்துக்குக் கறையான் லேசில் ஏறாது. சுவரில் மண்கோடு தெரிந்தால் தட்டிவிட்டு, அது எங்கிருந்து ஏறுகிறது என்று கீழே தேடுங்கள். பெரும்பாலும் சுவரோடு அடுக்கிய விறகு, ஓலை, பழைய பலகையாக இருக்கும். அவற்றை அகற்றுங்கள். பழைய குசினிக் கூரையில் கறுத்துப்போன மரங்களைச் சுரண்டி வெள்ளையாக்க வேண்டாம். விறகடுப்புப் புகை பூச்சியை அண்டவிடாமல் காத்த மரம் அது.

அளவெட்டியில் இருந்து: வீடு எத்தினையாம் ஆண்டு கட்டினது எண்டு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

நிலைக்கு மேலோ முகட்டு வளையிலோ ஆண்டு செதுக்கியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஓடு ஒன்றைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். தட்டையான, பள்ளம் போட்ட ஓடு என்றால் செய்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பாசல் மிசன் என்ற கிறிஸ்தவ மிசன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த வகை ஓடு அதற்கு முன் உங்கள் கூரைக்கு வந்திருக்க முடியாது. அரைவட்ட ஓடு என்றால் இன்னும் பழசாக இருக்கலாம். ஆனால் கவனம்: கூரையை மாற்றியிருக்கலாம், சுவர் அதைவிடப் பழசாக இருக்கலாம். ஓடு சொல்வது ஓட்டின் வயதை மட்டும்தான்.

அதைவிட நல்ல சாட்சி காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைப் பின்னோக்கித் தேடுங்கள். ‘மண்வீடும் கிணற்றுப் பங்கும்’ என்று எழுதியது ஒரு தலைமுறையில் ‘கல்வீடு’ என்று மாறியிருக்கும். அந்த இரண்டு உறுதிக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் வீடு எழும்பியது. ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளில் (காணிப் பதிவேடுகளில்) காணியின் பெயரையும் அக்காலத்து உரித்தாளர்களையும் காணலாம், வீட்டின் வயதுக்கு அது நேரடிச் சாட்சி இல்லை.

உடுப்பிட்டியில் இருந்து: சங்கடப் படலை எதுக்கு? படலைக்கு ஏன் கூரை?

படலை என்றால் வளவின் வாசல் கதவு. அந்தப் படலைக்கு மேல் சின்னக் கூரை, இரண்டு பக்கமும் உட்காரத் திண்ணை, சில இடத்தில் பக்கத்தில் தண்ணீர்ப் பானை. வெயிலிலோ மழையிலோ தெருவால் போகிறவர் வீட்டாரைக் கேட்காமலே இருந்து இளைப்பாறலாம். யாழ்ப்பாணத்து வீடுகள் ஒழுங்கைக்கு முதுகைக் காட்டி, உயரமான வேலிக்குள் ஒளிந்திருப்பவை. தெருவுக்கு அவை கொடுத்த ஒரே முகம் இந்தப் படலைதான். வீதியை அகலிக்கும்போது முதலில் உடைபடுவதும் இதுதான். உங்கள் ஊரில் ஒன்று மிஞ்சியிருந்தால் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

ஊர் எழுத வேண்டாம் என்று கேட்டவர்: என்ர அம்மப்பா இப்படியான வீடுகளுக்குப் பனை தறிச்சுக் குடுத்தவர். கூரை ஏறும்வரை உள்ளுக்க நிண்டவர், குடிபூரல் (வீடு குடிபுகுற நாள்) அண்டு படலைக்கு வெளியில. நீங்கள் எல்லாரும் இந்த வீடுகளைப் புகழுறியள். எனக்கு அப்பிடிப் பார்க்கேலாமல் இருக்கு.

நீங்கள் சொல்வது முழு உண்மை. அதை மறைத்து இந்த வீட்டைப் பற்றிப் பேசுவது பொய்.

சங்கடப் படலை வழிப்போக்கருக்கு நிழல் தந்தது என்று மேலே எழுதினேன். யாருக்கு அதில் இருக்க உரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நாற்சார் வீட்டின் வரைபடத்தைப் பாருங்கள். படலை, முன்முற்றம், திண்ணை, விறாந்தை, உள்முற்றம், அடுக்களை. ஒவ்வொரு இடத்திலும் இன்ன சாதி இதுவரைதான் என்று ஒரு கோடு இருந்தது. தூண் வைத்த இடமும் படி வைத்த இடமும் அந்தக் கோட்டைக் காத்தன. கிணற்றடியிலும் அதே கதை. சாதியைச் சொல்லிப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பிறகும், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போக 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. வீட்டுப் படலைகள் அதைவிட மெதுவாகத்தான் திறந்தன. சில இன்னும் திறக்கவில்லை.

இந்த வீடுகளை ஆவணப்படுத்துகிறவர்கள் காணிக்காரரின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். பனையை ஏறிப் பார்த்து முதிர்வு சொன்னவர், தறித்தவர், பிளந்தவர், கல் சுமந்தவர், சுண்ணாம்பு சுட்டவர் யாரென்று கேட்பதே இல்லை. உங்கள் அம்மப்பா எந்தெந்த வீட்டுக்கு மரம் கொடுத்தார் என்று உங்களுக்கு நினைவிருந்தால் எழுதி வையுங்கள். அந்த வீடுகளின் வரலாறு அவர் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் புகழ்வது அவர்களுடைய கை வேலையை. அதை அந்த வீட்டாருக்குக் கொடுத்த புகழாக ஒருபோதும் நினைக்க வேண்டாம்.

தெல்லிப்பழையில் இருந்து: தொண்ணூறில இடம்பெயர்ந்து, ஆமி காணியை விட்ட பிறகு திரும்பிப் போனா நாலு சுவர்தான் நிக்குது. கூரை இல்லை. சுவருக்குள்ள அரசமரம் முளைச்சிருக்கு. இடிக்கிறதா, திருத்திறதா?

உங்கள் வலிகாமம் வடக்கில் அடியோடு தரைமட்டமான வீடுகள் எத்தனையோ. நாலு சுவர் நிற்கிறது என்றால் முதலில் ஆறுதல். அவசரமாக முடிவெடுக்க வேண்டாம்.

கூரை இல்லாத சுண்ணாம்புச் சுவரை மழை மேலிருந்துதான் தின்னும். அதனால் முதல் வேலை சுவரின் தலையை மூடுவது. தகரமோ ஓடோ எதுவானாலும் சரி, இரண்டு பக்கமும் அரை அடி நீட்டி வைத்துக் கட்டுங்கள். இரண்டாவது வேலை அரசமரம். பிடுங்கவே வேண்டாம். வேர் கல்லுகளுக்கு இடையே போயிருக்கும், இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, வெட்டிய முகத்தில் மருந்து தடவி, துளிர்க்கும்போதெல்லாம் திரும்ப வெட்டுங்கள். வேர் காய்ந்து செத்த பிறகு இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பலாம்.

பிறகு நூல்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நேராக நின்றால் கூரை போடலாம். புதிய கூரைக்கு இரும்பு போடுவதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பழைய சரிவையே வையுங்கள். சரிவைக் குறைத்தால் ஓட்டுக்குள் தண்ணீர் திரும்பி ஏறும். வீட்டில் வெடிபொருள் அகற்றிய உறுதிப்பாடு கிடைக்காமல் அத்திவாரத்தில் கை வைக்கவே கூடாது. கிணற்றுக்கும் அதேதான்.

சிட்னியில் இருந்து: எட்டுப் பேருக்குப் பங்கு. ஆறு நாட்டில் இருக்கிறோம். ஒருவரும் இருக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வீடு விழுகிறது.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை இன்று கறையானைவிட அதிகம் அழிப்பது இதுதான். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டம் இன்றும் நம் காணிகளை ஆள்கிறது. சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று ஒரே வீட்டுக்குள் வெவ்வேறு வழியால் பங்கு வந்து சேரும். உரித்தைப் பற்றி நல்ல நொத்தாரிசிடம் கேளுங்கள், என் துறை அதுவல்ல.

நான் சொல்லக்கூடியது, உரித்துத் தீரும்வரை கூரை காத்திருக்காது. எட்டுப் பேரும் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்: வருடத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன், ஓடு திருப்பி, பீலி சுத்தம் செய்து, வாய்க்கால் திறந்துவிட ஒருவரை வைப்பது. எட்டாகப் பிரித்தால் ஒருவருக்குப் பெரிய காசு இல்லை. அதைச் செய்ததால் யாருடைய பங்கும் கூடவோ குறையவோ போவதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். பல குடும்பங்களில் பயமே அங்கேதான்.

நல்லூரில் இருந்து ஒரு மாணவி: பார்க்கக்கூடிய நல்ல உதாரணம் எது?

உங்கள் பக்கத்திலேயே மந்திரிமனை இருக்கிறது. அரசர் காலத்து மந்திரியின் வீடு என்று சொல்வார்கள். ஆனால் இப்போது நிற்கும் கட்டடத்தின் வளைவுகளும் தூண்களும் ஐரோப்பியர் வந்த பிறகான கலப்பு வேலை. சிதைந்த நிலையிலும் அதன் மரச் செதுக்கலுக்காகப் பாருங்கள், தொடாமல். பருத்தித்துறையில் தெருமூடி மடம் கல்வேலைக்கு. மற்றப்படி சிறந்த உதாரணங்கள் எல்லாம் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள்தான். கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கோண்டாவிலில் இருந்து: அடுத்த மாசம் எங்கட பழைய வீட்டை இடிக்கிறம். வேற வழியில்லை. அதுக்கு முதல் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், இரண்டு நாள் போதும். முதல் நாள் அளவெடுங்கள். ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், மூலைக்கு மூலை குறுக்களவு, சுவர்த் தடிப்பு, நிலையின் உயரம், முற்றத்தின் அளவு. கொப்பித் தாளில் கையால் வரைந்தாலும் போதும், எண்கள் சரியாக இருக்க வேண்டும். குறுக்களவை விட்டுவிடாதீர்கள், அறை சதுரமா சரிந்ததா என்று பிறகு அதை வைத்துத்தான் சொல்லலாம்.

இரண்டாம் நாள் படம். முழு வீட்டை எல்லாரும் எடுப்பார்கள், நீங்கள் பொருத்துகளை எடுங்கள்: கைமரம் வளையில் உட்காரும் இடம், இரண்டு கூரை சேரும் மூலை, நிலையின் அடி, கதவின் குடுமி, ஓட்டின் அடிப்பக்கம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடிமட்டம் தெரியட்டும்.

இடிக்க வருகிறவரிடம் கூரையை மேலிருந்து கீழாகக் கழற்றச் சொல்லுங்கள். பெக்கோ இயந்திரம் கூரையில் கைவைக்க விடாதீர்கள், கைமரம் எல்லாம் நடுவில் முறிந்துவிடும். முதலில் ஓடு, பிறகு சலாகை, பிறகு கைமரம், கடைசியாகத் தீராந்தி. கழற்றியதை நிலத்தில் போடாமல் கல் வைத்து உயர்த்தி, நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். மேலே சுன்னாகத்திலிருந்து கேட்டவர் போல் பனங்கைமரம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை பேசுவதற்கு முன் ஒருமுறை எனக்கும் சொல்லுங்கள், யாருக்கு என்ன நீளம் தேவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.